லாடத்துக்கு முந்திய வேலை

கி.பி. 301-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஒரு நீண்ட விலைப்பட்டியலைக் கல்லில் வெட்டி ஊர் ஊராக நிறுத்தினார். எந்தப் பொருளுக்கும் எந்த வேலைக்கும் அதில் சொன்னதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது, வாங்கினால் தலை போகும். வயலில் வேலை செய்பவருக்குச் சாப்பாடு போக நாள் கூலி 25 தினாரி. முடி திருத்துபவருக்குத் தலைக்கு 2 தினாரி. குதிரை, கோவேறு கழுதை வைத்தியருக்கு ஒரு விலங்கின் குளம்பை வெட்டிச் சரிசெய்ய 6 தினாரி. மனிதத் தலையைவிடக் குதிரைக் காலுக்கு மூன்று மடங்கு கூலி.

கூலியைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தப் பட்டியலில் குளம்பு சீவ விலை இருக்கிறது, லாடம் அடிக்க விலை இல்லை.

என் அப்பா பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். மலையைச் சுற்றிவரும் பக்தர்களை ஏற்றி, பஸ் நிலையத்துக்கும் அடிவாரத்துக்கும் நடை அடித்து எங்களைப் படிக்க வைத்தார். அவர் கணக்கில் 'லாடம்' என்று ஒரு செலவு தவறாமல் வரும். லாடக்காரர் வந்து பழைய இரும்பைப் பிடுங்கி, குளம்பைச் சீவி, அரம் போட்டு, புது லாடத்தை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போவார். நாலு காலுக்கும் சேர்த்துப் பேசிய கூலியெல்லாம் இரும்புக்குத்தான். சீவுவது அந்த வேலைக்குள் சும்மா வந்து சேர்ந்த வேலை. ரோமில் காசு வாங்கிய வேலை, பழனியில் கணக்கிலேயே வராமல் போயிருந்தது. குதிரை வளர்ப்பின் நெடுங்கதையில் நான் பார்க்கிற ஒரே கோடு இதுதான்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பில் ஒரு மட்டக்குதிரைப் பெட்டையை வைத்திருக்கிறேன். வண்டி இழுப்பதில்லை, தார் ரோட்டில் நடப்பதில்லை. தோப்பு மண்ணிலும் வாய்க்கால் கரையிலும் மேய்கிறது, பேரப் பிள்ளைகளைச் சுமக்கிறது. அதற்கு லாடம் வேண்டியதில்லை, ஆனால் குளம்பு வளர்வது நிற்குமா? அப்பா காலத்து லாடக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். வயது முதிர்ந்து, மாட்டு லாடத்தோடு தொழிலைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"லாடம் இல்லாம சீவ மட்டும் வரணுமா தம்பி? அதுக்குன்னு நான் என்ன கூலி கேக்கறது?" என்றார். பிறகு அவரே, "நீயே கத்துக்கோ. உங்கப்பாவுக்கும் சொன்னேன், கேக்கல" என்றார்.

கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளும்போதுதான் இந்த வேலையின் பழசைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

இரும்பு இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி கிரேக்கர் ஜெனபன். கி.மு. நாலாம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றைக்கும் குதிரைக்காரர்கள் படித்துப் பயன்பெறக்கூடியது. லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டச் சொல்கிறார். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கும் அளவு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. அவை சிதறாமலிருக்கச் சுற்றிலும் இரும்பு விளிம்பு. குதிரையைத் தேய்த்துவிடும் நேரத்தில் அதன்மேல் நிறுத்தினால், ஈயை விரட்டக் காலை மாற்றி மாற்றி வைக்கும்போதே கல் ரோட்டில் நடந்த பலன் குளம்புக்குக் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஈரத் தரை குளம்பைக் கெடுக்கும் என்றும் எச்சரிக்கிறார். படைத் தளபதியாக இருந்து எழுதியவர், அதனால் பேச்சில் வெட்டி இல்லை.

நம் பக்கத்தில் அர்த்தசாஸ்திரம் குதிரை லாயத்துக்கு வழவழப்பான மரப்பலகைத் தரை போடச் சொல்கிறது, சாணமும் மூத்திரமும் வெளியே போக வழி வைக்கச் சொல்கிறது. இரண்டு நூல்களும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன: குதிரை நிற்கும் தரை. ஆணியடித்த லாடம் பழைய இந்தியாவில் இருந்ததில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்பது. ஐரோப்பாவிலும் அது பரவியது 9, 10-ஆம் நூற்றாண்டுகளில்தான். பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ கி.பி. 900-ஐ ஒட்டி எழுதிய போர்நூலில், குதிரைப்படைச் சாமான்களுக்கு நடுவே பிறை வடிவ இரும்பும் அதற்கான ஆணிகளும் இடம்பெறுகின்றன. ரோமர்கள் கட்டிய நெடுஞ்சாலைகளிலெல்லாம் நடந்தவை பெரும்பாலும் வெறுங்குளம்புகள். புண்பட்ட காலுக்கு இரும்புச் செருப்பு மாதிரி ஒன்றைத் தோல்வாரால் கட்டினார்கள், அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு குதிரை வளர்த்த நாடு இல்லை, குதிரை வாங்கிய நாடு. கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையும் குதிரை வாங்கப் போன கதைதான். பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார், சிவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்தான், இரவோடு இரவாக அவை நரிகளாகிக் கத்தின. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். குதிரை வாங்கப் போகும் பொன் எவ்வளவு பெரிய தொகை, வந்த குதிரை எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்பதைத் தெரிந்த நாட்டில்தான் இப்படி ஒரு கதை பிறக்க முடியும்.

அந்தத் தொகையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 13-ஆம் நூற்றாண்டின் கடைசி. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் பாண்டியக் கருவூலம் பணம் தந்தாக வேண்டும். இதற்கு முன்னால் ஒரு காலத்தில் வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும் சொல்கிறார். இறங்கிய துறைகளில் முதன்மையானது காயல். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே இன்று பழைய காயல் என்ற சிற்றூராக இருப்பதுதான் அது என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார்.

1292 வாக்கில் இந்தக் கரையைத் தொட்டுப்போன மார்க்கோ போலோ அதே வணிகத்தை வாங்குபவர் பக்கமிருந்து பார்க்கிறார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை. காரணமும் சொல்கிறார்: இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியாது, லாடக்காரர்கள் இல்லை. அதோடு விடவில்லை. குதிரை வணிகர்கள் தாங்களும் லாடக்காரரைக் கூட்டி வருவதில்லை, வேறொருவன் வந்தாலும் வரவிடுவதில்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை என்கிறார்.

நம் வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் பகுதி அடிக்கடி எடுத்தாளப்படும். பெரும்பாலும் 'அந்தக் காலத்துத் தமிழனுக்கு லாடம் அடிக்கத் தெரியவில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குளம்பைக் கையில் பிடித்துப் பழகியவன் அப்படி விட்டுவிட முடியாது. லாடம் இல்லாததால் எந்தக் குதிரையும் செத்ததில்லை. போலோ காலத்தில் லாடக்காரர் என்பவரே குதிரை வைத்தியரும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக அவர் சொல்வது, காலைத் தூக்கிப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஒரு ஆள்கூட இல்லை என்பது.

அந்த ஆள் இருந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்? விடை வஸ்ஸாஃபிடம் இருக்கிறது. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் சேர்த்த தானியத்தையும் தருகிறார்கள், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள், முளையடித்துக் கயிற்றால் கட்டி 40 நாள் லாயத்தைவிட்டு நகரவிடாமல் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு பழக்காமல், அங்கவடி இல்லாமல் ஏறி விரட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் எவ்வளவு துடிப்பான குதிரையும் சோர்ந்து, மந்தமாகி, எதற்கும் ஆகாததாகிவிடுகிறது என்கிறார். போலோ, வேகவைத்த இறைச்சியோடு சோறு போட்டதாகவும் சொல்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். தானியமும் கொழுப்பும் மிதமிஞ்சினால் குதிரைக்கு வயிற்றில் தொடங்கும் கோளாறு காலில் போய்த்தான் முடியும். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து நிற்பவை மெல்லிய இதழ் அடுக்குகள். அவை வீங்கிக் கழன்றால், உடம்பின் பாரம் தாங்காமல் எலும்பு குளம்புக்குள்ளேயே கீழ்நோக்கிச் சரியும். கால்நடை மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்பது இதைத்தான். குதிரை முன்னங்காலை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நிற்கும். நடக்கச் சொன்னால் தணலில் நடப்பது போல நடக்கும். வஸ்ஸாஃப் எழுதிய 'மந்தம்' பல குதிரைகளில் இந்த வலியாக இருந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் மரக்கலத்தில் நின்றபடியே வந்த கால், வறண்ட தரையில் இறுகி வளர்ந்த குளம்பு. அதை ஆற்று முகத்துவாரத்து ஈரமண்ணில், சாணத்தின்மேல் 40 நாள் கட்டிப்போட்டு வெண்ணெய் ஊட்டினால் வேறென்ன ஆகும்? கொல்ல நினைத்தவன்கூட இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டான். நரியான குதிரைகளின் பாண்டியனுக்கு ஓர் இரவில் நடந்தது, குலசேகரனுக்கு ஓர் ஆண்டில் நடந்திருக்கிறது.

வணிகர்களின் சூழ்ச்சியை நான் நம்புகிறேன். அதைவிட அதிகமாக நம்புவது, அரண்மனைச் செல்லத்தின் மூடத்தனத்தை. குதிரைக்குப் பொன்னைக் கொட்டியவர்கள் நாலு வண்டிக் கூழாங்கல்லைக் கொட்டவில்லை.

விஜயநகரக் காலத்திலும் இதே கதைதான். சாளுவ நரசிம்மன் குதிரைகளை உயிரோடோ பிணமாகவோ ஆயிரம் வராகனுக்கு மூன்று என்று வாங்கினான் என்றும், கடலில் செத்தவற்றுக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்தது என்றும் போர்த்துகீசியர் நூனிஸ் எழுதுகிறார். பின்னால் வந்த அரசர் ஆண்டுக்கு 13,000 ஹோர்முஸ் குதிரைகள் வாங்கினாராம். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கல்குதிரைகளை எல்லாரும் பார்த்திருப்போம். அப்படி ஒரு குதிரை நிற்க எத்தனை கப்பல் வர வேண்டியிருந்தது என்று நான் அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன்.

வடக்கே துருக்கிய, ஆப்கானியக் குதிரைப்படைகளோடு வந்த ஆணி லாடம், முகலாயர் காலத்தில் அரசாங்கச் செலவுக் கணக்கிலேயே ஏறிவிட்டது. அக்பரின் ஆட்சிமுறையை விவரிக்கும் அயினி அக்பரி அரச லாயங்களின் செலவை இனம் இனமாகச் சொல்லும். லாடம் ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றப்படும், முன்பு நாலு காலுக்கும் சேர்த்து 8 தாம், இப்போது 10 தாம், அதாவது கால் ரூபாய். எனக்கு இங்கே கண் நின்றது. ஆறு மாதத்தில் குளம்பு நாலைந்து சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். இடையில் யாரோ லாடத்தைக் கழற்றி, சீவி, திரும்ப அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரை நடந்திருக்காது. அந்த வேலைக்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. டயோக்ளீஷியன் பட்டியலில் சீவலுக்கு விலை, அக்பர் பட்டியலில் இரும்புக்கு விலை. இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் எங்கோதான் கைமாற்றம் நடந்திருக்கிறது.

ஐரோப்பாவில் அந்தக் கைமாற்றம் சங்கமாகவே உருவெடுத்தது. 1356-இல் லண்டன் மேயர், நகரில் குதிரை லாடத் தொழிலில் தெரியாதவர்கள் புகுந்து கெடுக்கிறார்கள் என்று தொழிலாளரைக் கூட்டி, மேற்பார்வைக்கு இரண்டு பேரை நியமித்தார். 1674-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அமெரிக்காவில் ட்ராய் நகரத்து ஹென்றி பர்டன் 1835-இல் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் அவர் பட்டறையில் நிமிடத்துக்கு 60 லாடம் வந்து விழுந்தது. பட்டறையில் அடித்து வளைத்த இரும்பு, மூட்டையில் வரும் சரக்கானது.

நம் ஊரில் லாடத்தை எல்லாக் கிராமத்துக்கும் கொண்டுபோனது குதிரை இல்லை, ரோடு. 19-ஆம் நூற்றாண்டில் கப்பி ரோடு போட்டதும் பார வண்டி மாட்டின் குளம்பு தேய ஆரம்பித்தது. மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு, ஒவ்வொரு பிளவுக்கும் தனித் தகடு. மாட்டைக் கயிற்றால் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, சந்தை மேட்டில் லாடம் அடிப்பதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஜட்கா குதிரைக்கும் அப்படித்தான், கப்பியும் அதற்குப் பின் தாரும் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்த்துவிடும். ஆகவே இரும்பை நான் பழிக்கவில்லை. என் அப்பாவின் குதிரை லாடம் இல்லாமல் ஒரு வாரம் பழனி ரோட்டில் ஓடியிருக்காது, நாங்கள் படித்திருக்கவும் மாட்டோம்.

லாடக்காரர் ஆணி அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். குளம்பின் அடியில் வெளிச்சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் ஓடும். அதற்கு வெளியே சுவரில் உணர்ச்சி கிடையாது, உள்ளே உயிர். ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அடிக்க அடிக்க அது வெளிப்பக்கமாக வளைந்து, குளம்பின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். அதை முறித்து, மிஞ்சியதை மடக்கி, அரம் போடுவார்கள். உயிரில் இறங்கும் ஆணிக்குச் சத்தமே வேறு, அதைக் காதால் கேட்டு அந்தக் கணமே பிடுங்கிவிடுவார் எங்கள் லாடக்காரர். இவ்வளவு தெரிந்தவர் கையில் வேலையை விட்டுவிட்டு வண்டிக்காரர் பீடி பற்றவைக்கப் போனதில் வியப்பில்லை. ஆனால் அப்படிப் போனதில்தான் குதிரைக்காரருக்குக் குளம்பு அன்னியமாகிவிட்டது. ஆட்டோ வந்து ஜட்கா குறைந்ததும் லாடக்காரர் குறைந்தார். அவரோடு சேர்ந்து, கணக்கில் வராத சீவலும் போனது.

மேலை நாடுகளில் இரும்பைச் சந்தேகித்தவர்கள் முன்பே உண்டு. லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தொடக்ககால மாணவர் பிரேசி கிளார்க், பாரம் ஏறும்போது குளம்பு விரிகிறது, எடுக்கும்போது சுருங்குகிறது, ஆணி அந்த அசைவைக் கட்டிப்போடுகிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். விரிந்து சுருங்க இடம் தரும்படி மூட்டு வைத்த லாடம் ஒன்றையும் செய்து பார்த்தார். தொழில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பின்னர் அமெரிக்க லாடக்காரர் ஜேமி ஜாக்சன் 1982 முதல் 1986 வரை மேற்கு அமெரிக்காவின் கிரேட் பேசின் பாலைநிலத்தில் காட்டுக் குதிரைகளின் பின்னால் அலைந்தார். யாரும் சீவாத, யாரும் லாடம் அடிக்காத அந்தக் குளம்புகள் குட்டையாக, விளிம்பு உருண்டு, கெட்டியாக இருந்தன. நாளெல்லாம் கல்லிலும் வறண்ட மண்ணிலும் நடப்பதே அவற்றுக்கு அரம். 1992-இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகு, வீட்டில் குதிரை வைத்திருப்பவர்கள் தாங்களே அரத்தைக் கையில் எடுப்பது அங்கே ஓர் இயக்கமாகவே வளர்ந்தது.

அந்த இயக்கத்தில் சிலர் இரும்பையே பாவம் என்கிறார்கள். அது எனக்கு ஒவ்வாது. தினமும் தார் ரோட்டில் பாரம் இழுக்கும் குதிரைக்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். இங்கிலாந்துச் சட்டம் இன்னும் வேடிக்கை. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம், லாடம் பொருத்துவதற்காகக் காலைத் தயார்செய்வதும் அதில் அடக்கம். லாடமே அடிக்காத குதிரைக்கு வெறுமனே சீவிவிடுவது மட்டும் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கேயும் இரும்புதான் கண்ணில் படுகிறது.

வேலை என்னவென்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். குதிரையின் தோள் பக்கம், அதன் வாலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கையை முதுகிலிருந்து எடுக்காமல் தோள், முழங்கால் வழியாகக் கீழே இறக்கி, குளம்புக்கு மேலே நரம்பை லேசாக அழுத்தினால் பழகிய குதிரை காலைத் தரும். அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்பக்கமாகச் சாணத்தையும் கல்லையும் கிளறி எடுக்க வேண்டும். அடுத்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பகுதியின் இரு பக்கப் பள்ளத்திலும் அழுகல் வாடை அடித்து, கறுப்பாகக் கசிந்தால் லாயத்துத் தரை ஈரம் என்று பொருள். கத்தியை வைத்துவிட்டு முதலில் தரையைச் சரிசெய்யுங்கள்.

அந்த மெத்தென்ற பகுதியில் தொங்கும் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். உள்ளங்காலில் சுண்ணாம்பு போல உதிரும் செத்த பொருக்கைச் சுரண்டலாம். மெழுகு போல வழவழப்பாகத் தெரிந்ததும் கத்தி நிற்க வேண்டும். பிறகு கத்தரிப்பால் சுவரின் மிச்ச வளர்ச்சியைக் குதிகாலிலிருந்து தொடங்கி வளைவாக வெட்டி வந்தால், உள்ளங்காலைவிட ஒரு மயிரிழை உயரமாகச் சுவர் நிற்கும். அதன்மேல் அரத்தைப் படுக்கையாக, இரண்டு குதியையும் ஒருசேரத் தொடும்படி ஓட்ட வேண்டும். ஒரு பக்கமே அழுத்துவது வலக்கைக்காரர்களுக்கெல்லாம் வரும் பழக்கம், அதனால் நாலு இழுப்புக்கு ஒரு முறை காலை உயர்த்தி, கண் மட்டத்தில் வைத்துச் சமம் பார்க்க வேண்டும். கடைசியாகக் காலை முன்னால் இழுத்து ஒரு மரக்கட்டைமேல் வைத்து, வெளி விளிம்பை உருட்டிவிட்டால் சுவர் பிளந்து தெறிக்காது. கீழே விட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் குளம்பின் முன்சரிவும் அதற்கு மேலுள்ள எலும்பின் சரிவும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

"கத்தி எடுத்ததை ஒட்ட வைக்க முடியாது, அரம் எடுக்கறது கம்மி. சந்தேகமா இருந்தா அரத்தை எடு" என்பார் லாடக்காரர். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும் குளம்பில், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுப்பது நாலு மாதத்துக்கு ஒரு முறை அள்ளி எடுப்பதைவிட நல்லது. முன்பக்கச் சுவரில் மயிர்க்கோட்டில் இன்று முளைப்பது தரையைத் தொட ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். ஆகவே இன்று செய்யும் வேலையின் பலன் அடுத்த ஆண்டுதான் முழுசாகத் தெரியும். எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளம்பு சூடாக இருந்தால், விளிம்பிலிருந்து மயிர்க்கோடு வரை வெடித்திருந்தால், குதிரை காலை ஊன்ற மறுத்தால் அது மருத்துவர் வேலை. 1903 அக்டோபர் 1-இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து நமக்கு அந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாண்டியனுக்கு இல்லாத வசதி அது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார், மார்வார் குதிரைகள் லட்சங்களில் விலை பேசப்படுகின்றன. வாங்க வருபவர்கள் சுழி பார்க்கிறார்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல ஆளுக்கு ஆள் நிபுணர்கள். நிறம், காது வளைவு, நடை எல்லாம் பேரத்தில் வரும். குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். விற்பவரும் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி வைத்திருப்பார், அடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கும் கவலை இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழி பார்ப்பவரைக் கூட்டிப் போங்கள், தப்பில்லை. நாலு காலையும் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். காலைத் தராத குதிரைக்கு விலையைக் குறையுங்கள். ஊருக்குக் கொண்டுவந்ததும் நல்ல அரம் ஒன்றும் குளம்புக் கத்தி ஒன்றும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஒருவர் இன்னும் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, முதல் சில தடவை அவர் கையோடு கை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இரும்பு அடிக்கவில்லையே என்று கூலி கொடுக்காமல் அனுப்பிவிடாதீர்கள். சீவலுக்கென்று தனிக் கூலி பேசிக் கொடுங்கள்.